பாதி மாத்திரை கணக்கு வேண்டாம்: குழந்தை உடலும் ஆன்டிபயாடிக்கும்

குன்றத்தூர், மாங்காடு, படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் குடியிருக்கும் பல குடும்பங்களில் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு இன்னொரு ஷிப்ட். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து கிளினிக் மூடியிருக்கும். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார்: "போன மாசம் எனக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை மீதி இருக்கு. பெரியவங்களுக்கு ஒண்ணுன்னா, குழந்தைக்குப் பாதி கொடுத்தா சரியாப் போயிடும்ல?"

சரியாகப் போகாது. குழந்தை என்பது அளவில் சுருங்கிய பெரியவர் அல்ல. ஒரே மருந்தைப் பிறந்த குழந்தையின் உடல் ஒரு விதமாகவும், நாலு வயதுப் பிள்ளையின் உடல் வேறு விதமாகவும், உங்கள் உடல் இன்னொரு விதமாகவும் கையாளுகிறது. சில வயதில் பெரியவர் அளவைக் குறைத்துக் கொடுத்தாலும் அது ஆபத்தாகலாம். வேறு வயதில் குறைத்துக் கொடுப்பதே ஆபத்தாகலாம். ஏன் இப்படி என்பதையும், வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை

ஆன்டிபயாடிக் என்றால் பாக்டீரியா கிருமிகளைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்து. தமிழில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்கிறோம். இது காய்ச்சலைக் குறைக்கும் மருந்து அல்ல, வலி மருந்தும் அல்ல. வைரஸால் வரும் சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றில் அந்த வைரஸை இது ஒன்றும் செய்யாது.

பாக்டீரியாவால் வந்த நோய்க்கும் மருந்து உடலுக்குள் போனால் மட்டும் போதாது. கிருமி இருக்கும் இடத்தில், தேவையான அளவில், தேவையான நேரம் வரை அது இருக்க வேண்டும். அளவு குறைந்தால் கிருமி சாகாது. அளவு கூடினால் பிள்ளையின் உடம்புக்குத் தொந்தரவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவைத்தான் டாக்டர் டோஸ் என்று எழுதிக் கொடுக்கிறார்.

உள்ளே போன மருந்து நான்கு கட்டங்களைக் கடக்கிறது. ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சரக்கு கேட்டில் நுழைகிறது, உள்ளே பல இடங்களுக்குப் பிரிந்து போகிறது, லைனில் மாற்றப்படுகிறது, கடைசியில் வெளியே போகிறது. மருந்துக்கும் அதே வரிசைதான்: உறிஞ்சுதல், பரவுதல், மாற்றப்படுதல், வெளியேறுதல். இந்த நான்கிலுமே குழந்தை உடல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

கட்டம் 1: வயிறு

பெரியவர்களின் வயிற்றில் அமிலம் அதிகம். பென்சிலின் வகையில் சில மருந்துகளை அந்த அமிலமே சிதைத்துவிடும். பிறந்த குழந்தையின் வயிற்றில் அமிலம் மிகக் குறைவு. பெரியவர் அளவை எட்ட ஏறக்குறைய 2 வயது ஆகும். அதனால் வாய்வழி கொடுக்கும் சில மருந்துகள் பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேரலாம்.

இன்னொரு பக்கம், பச்சிளம் குழந்தையின் வயிறு காலியாக நேரம் எடுக்கும். அதனால் வேறு சில மருந்துகள் ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். வாய்வழி கொடுத்த மருந்து எவ்வளவு சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால், பிறந்த குழந்தைக்குத் தீவிரத் தொற்று என்றால் டாக்டர்கள் ஊசி வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "சின்னக் குழந்தைக்குப் போய் ஊசியா? சிரப் கொடுங்க டாக்டர்" என்று கேட்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கட்டம் 2: உடலில் இருக்கும் தண்ணீர்

பிறந்த குழந்தையின் எடையில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். வளர்ந்த ஆணுக்கு இது ஏறக்குறைய 60 சதவீதம், பெண்ணுக்கு இன்னும் சற்றுக் குறைவு. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் தண்ணீரில் கரைபவை. ஒரு ஸ்பூன் உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கரிக்கும், ஒரு குடத்தில் போட்டால் தெரியாது. அதேபோல, ஒரு கிலோ எடைக்குத் தண்ணீர் அதிகமாக இருக்கும் பச்சிளம் உடலில் இந்த மருந்து நீர்த்துப் போகும். அதனால் பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை அளவை டாக்டர்கள் கிலோ கணக்கில் குறைப்பதில்லை. மாறாக, இரண்டு ஊசிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியைக் கூட்டுகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்த இடைவெளி ஒரு நாளைத் தாண்டியும் போகும். பாதி மாத்திரை கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

ரத்தத்தில் இருக்கும் புரதமும் முக்கியம். சில ஆன்டிபயாடிக்குகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை உண்டாக்கும் பிலிருபினும் அதே புரதத்தில்தான் ஒட்டியிருக்கும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்து பிலிருபினை அங்கிருந்து தள்ளிவிடும். தள்ளப்பட்ட பிலிருபின் மூளைக்குள் போனால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். பெரியவர்களுக்கு அன்றாடம் பயன்படும் இந்த ஊசியை, மஞ்சள் காமாலை உள்ள பிறந்த குழந்தைக்கு டாக்டர்கள் தவிர்ப்பது இதனால்தான்.

கட்டம் 3: ஈரல்

உடலுக்குள் வரும் மருந்தை, வெளியேற்றத் தோதாக மாற்றும் இடம் ஈரல். பிறந்த குழந்தையின் ஈரலில் இந்த வேலை முழுதாகத் தொடங்கியிருக்காது. இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது.

குளோராம்பெனிகால் என்ற மருந்தின் பெயரைப் பழைய ஆட்கள் கேட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் டைபாய்டு என்றாலே இதுதான். 1950களில் அமெரிக்க மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே இதைக் கொடுத்தார்கள். சில நாட்களில் குழந்தைகள் பால் குடிக்கவில்லை, வாந்தி எடுத்தன, வயிறு உப்பியது, உடல் சாம்பல் நிறமானது, ரத்த அழுத்தம் விழுந்தது. பல குழந்தைகள் இறந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு, 1959இல் டாக்டர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து கொடுத்த குழந்தைகளில்தான் இறப்பு அதிகம் என்று அது காட்டியது. அந்த நிலைக்கு 'கிரே பேபி', அதாவது சாம்பல் நிறக் குழந்தை, என்று பெயர் வந்தது.

காரணம் இதுதான். பெரியவரின் ஈரல் இந்த மருந்தோடு சர்க்கரை போன்ற ஒரு பொருளை இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். பச்சிளம் ஈரலுக்கு அந்தத் திறன் போதாது. சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால், ஒவ்வொரு வேளை மருந்தும் பழைய மருந்தின் மேல் சேர்ந்துகொண்டே போனது. மருந்தில் கலப்படம் இல்லை. கிலோ எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த வயது உடலால் அதை வெளியேற்ற முடியவில்லை.

அடுத்த திருப்பத்தைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் கதை தலைகீழ். உடல் எடையோடு ஒப்பிட்டால், சிறு பிள்ளையின் ஈரல் பெரியவருடையதைவிடப் பெரியது. பல மருந்துகளை அது கிலோ கணக்கில் பெரியவரைவிட வேகமாக மாற்றி அனுப்பிவிடுகிறது.

கட்டம் 4: சிறுநீரகம்

அமாக்சிசிலின் போன்ற பல ஆன்டிபயாடிக்குகள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் திறன், உடல் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டாலும், பெரியவர் திறனில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். முதல் சில வாரங்களில் அது வேகமாகக் கூடி, ஏறக்குறைய 1 வயதில் பெரியவர் நிலையை எட்டுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். பெரியவர் ரத்தத்தில் அமாக்சிசிலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1 மணி நேரம். பிறந்த குழந்தையில் 3 முதல் 4 மணி நேரம். ஒரே மருந்துதான், ஆனால் தங்கும் நேரம் மூன்று மடங்குக்கும் மேல்.

ஜென்டாமைசின் வெளியேறாமல் தேங்கினால் சிறுநீரகத்தையும் காது கேட்கும் திறனையும் பாதிக்கலாம். ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைக்கு இந்த ஊசி போடும்போது சிறுநீர் எவ்வளவு போகிறது என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்பது சும்மா இல்லை.

வயதுவாரியாகச் சுருக்கம்

• பிறந்தது முதல் 1 மாதம்: ஈரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்யும். மருந்து நீண்ட நேரம் தங்கும். எடையோடு, எத்தனை மாதத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதையும் பார்த்துத்தான் டோஸ்.

• 1 மாதம் முதல் 1 வயது: ஒவ்வொரு மாதமும் உடல் மாறும். போன முறை எழுதிய அளவு இந்த முறைக்குப் பொருந்தாது.

• 1 முதல் 10 வயது: பல மருந்துகள் வேகமாக வெளியேறும். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவரைவிட அதிகம் தேவைப்படலாம்.

• பதின்ம வயது: மெல்லப் பெரியவர் அளவுக்கு வரும். எடை கூடுதலாக இருந்தாலும், பெரியவருக்கான உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

• 60 வயதுக்கு மேல்: சிறுநீரகத்தின் வேகம் மறுபடி குறைந்திருக்கும். தாத்தா பாட்டிக்கு எழுதிய அளவும் உங்களுக்கு எழுதிய அளவும் வேறாக இருக்கலாம்.

பாதி மாத்திரை எங்கே தப்பாகிறது?

பழைய காலத்தில் டாக்டர்களே ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். பிள்ளையின் வயதை, வயதோடு 12 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 4 வயது என்றால், 4 வகுத்தல் 16. அதாவது பெரியவர் அளவில் கால் பங்கு. குழந்தையைச் சின்னப் பெரியவராக நினைத்த காலத்துக் கணக்கு இது.

இன்றைய கணக்கோடு ஒப்பிடுவோம். குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அமாக்சிசிலின் அளவு, 14 முதல் 19 கிலோ வரை எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 750 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. மொத்தம் 1,500 மி.கி. பெரியவருக்குப் பொதுவாக எழுதப்படும் ஓர் அளவு 500 மி.கி., மூன்று வேளை. அதுவும் 1,500 மி.கி.தான்! 16 கிலோ பிள்ளைக்கும் 60 கிலோ அப்பாவுக்கும் ஒரே அளவு. பழைய சூத்திரப்படி போயிருந்தால் பிள்ளைக்கு 375 மி.கி. மட்டுமே கிடைத்திருக்கும்.

இவ்வளவு அதிகமாகக் கொடுக்க, நிமோனியா கிருமியை அடக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆனால் வயது வேறுபாடு பொதுவாகவே உண்டு. ஜென்டாமைசின் ஊசிக்கு வழக்கமான அளவு பெரியவருக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 மி.கி. சிறு பிள்ளைக்கு அது 7.5 மி.கி. வரை போகிறது.

இந்த எண்களை வைத்து வீட்டில் நீங்களே டோஸ் போட வேண்டாம். தொண்டைப் புண்ணுக்கு ஒரு அளவு, நிமோனியாவுக்கு வேறு அளவு, சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொரு மருந்தே. இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: "பாதி கொடுத்தா பத்திரம்" என்பது உண்மை இல்லை. குறைவான டோஸில் நோய் பாதியில் நிற்கும், கிருமி முழுதாகச் சாகாது. தப்பித்த கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போய் அடுத்த முறை அடங்காது. அது உங்கள் வீட்டோடும் நிற்காது. அங்கன்வாடிக்கும், பள்ளிக்கும், லைன் வீட்டில் பக்கத்து போர்ஷனுக்கும் பரவும்.

வளரும் உடலுக்கு ஆகாத சில மருந்துகள்

சில மருந்துகளில் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே பிரச்சினை.

டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். 8 வயதுக்குள் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அப்போது இந்த மருந்து போனால், பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும். தேய்த்தாலும் போகாது. உங்களுக்குப் பல் ஏற்கெனவே முளைத்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

இதிலும் ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்துப் பரவும் இந்த நோய்க்கு, டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் நல்ல மருந்து. குறுகிய நாட்களுக்கு அதைக் குழந்தைக்கும் டாக்டர் எழுதலாம். சில நாள் கொடுப்பதால் பல் கறைபடும் வாய்ப்பு மிகக் குறைவு. கவனிக்காமல் விட்டால் அந்த நோய் உயிருக்கே ஆபத்து. எனவே இணையத்தில் "குழந்தைக்கு ஆகாது" என்று படித்துவிட்டு டாக்டர் கொடுத்ததை நீங்களே நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள், வளரும் விலங்குகளில் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதித்ததாகச் சோதனைகளில் தெரிந்தது. அதனால் குழந்தைகளுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டும், டாக்டர் முடிவுப்படி கொடுக்கப்படுகிறது. பெரியவர் வயிற்றுப்போக்குக்கு வாங்கி மீந்த மாத்திரை பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். ஜாக்கிரதை.

சளி, இருமலுக்கு என்ன செய்வது?

குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாட்களில் தானாகவே சரியாகும். ஆன்டிபயாடிக் தேவையில்லை. இருமல் சிரப்பும் எல்லாக் குழந்தைக்கும் ஏற்றதல்ல.

2025 அக்டோபரில் நடந்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. சுங்குவார்சத்திரத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது சோதனையில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு அரசு அந்த மருந்தைத் தடை செய்து, நிறுவனத்தின் உரிமத்தையும் ரத்து செய்தது. அது ஆன்டிபயாடிக் அல்ல. டோஸ் தவறும் அல்ல, நச்சு கலந்தது. ஆனால் தானாகச் சரியாகும் சளிக்குத் தேவையில்லாத மருந்து எதற்கு என்ற கேள்வியை அது நம் முன் வைத்தது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்க வேண்டாம் என்று அப்போது மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது.

டாக்டரிடம் போகும்போது

இந்த 5 விஷயங்களையும் நீங்களே முன்வந்து சொல்லுங்கள்:

1. இன்றைய எடை. முடிந்தால் அங்கேயே எடை பார்க்கச் சொல்லுங்கள்.
2. சரியான வயது. 2 மாதத்துக்கு உட்பட்டது என்றால் எத்தனை நாள், குறைமாதமா என்பதும்.
3. முன்பு எந்த மருந்துக்காவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா?
4. சிறுநீரகம், ஈரல், இதயம் சம்பந்தப்பட்ட பிரச்சினை உண்டா?
5. இப்போது வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்? நாட்டு மருந்தும் சேர்த்து.

பிறகு நீங்கள் கேளுங்கள்: "இது ஆன்டிபயாடிக்கா? ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.? எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை? எத்தனை நாள்?" பதிலைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில்

"அண்ணே, பாப்பாவுக்குச் சளி, ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி தவறு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'ஷெட்யூல் எச்-1' விதியின்படி, பல முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க வழி தேடி 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி வெளியிட்ட திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்றே அறியப்படுகிறது.

பாட்டிலை வாங்கியதும் பார்க்க வேண்டியவை: மருந்தின் பெயர், காலாவதி தேதி, அப்புறம் செறிவு. செறிவில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அமாக்சிசிலின் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் இருக்கும், 250 மி.கி. என்றும் இருக்கும். சொட்டு மருந்து பாட்டிலில் 1 மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். 125 மி.கி. சிரப்பைவிட அது 4 மடங்கு அடர்த்தி. "போன தடவையும் 5 மி.லி.தானே" என்று சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும்.

வீட்டில் கொடுக்கும்போது

• பவுடராக வரும் சிரப்பில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு பாட்டிலில் இருக்கும் கோடு வரை நிரப்புங்கள். தண்ணீர் கூடினால் மருந்து நீர்த்துப் போகும், குறைந்தால் அடர்த்தியாகிவிடும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். அமாக்சிசிலின் கலவையைப் பொதுவாக 7 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் லேபிளில் போட்டிருக்கும் நாளைப் பாருங்கள்.

• ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

• சமையல் ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. கோடு போட்ட மூடி அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

• ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

• காய்ச்சல் நின்றதும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

• லேசான வயிற்றுப்போக்கு வரலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

ஷிப்ட் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. "மூணு வேளை" என்றால் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அம்மா வேலைக்குப் போனபின் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கொடுப்பார்கள் என்றால், சிரிஞ்சில் அந்த அளவுக் கோட்டில் பேனாவால் குறி போட்டுவிடுங்கள். மருந்து கொடுத்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "கொடுத்தாச்சு" என்று நேரத்தோடு போடச் சொல்லுங்கள். அப்பா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று இரட்டை டோஸ் போவது இப்படித்தான் நிற்கும். உங்கள் பக்கத்தில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருந்தால், லேபிளை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அதுவும் ஒரு உதவிதான்.

காத்திருக்கக் கூடாத நேரம்

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, உடல் ஜில்லிட்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ வீட்டு மருந்து எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.

இருமலோடு மூச்சு வேகமாக இருந்தால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தாலும், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலும் 108ஐ அழையுங்கள்.

உங்களுக்கான சேவைகள்

• 108: அவசர ஆம்புலன்ஸ், இலவசம், 24 மணி நேரமும்.

• 104: மருத்துவ ஆலோசனை. ராத்திரியில் "இப்பவே ஆஸ்பத்திரி போகணுமா, காலையில போகலாமா?" என்ற குழப்பம் வந்தால் கேட்கலாம்.

• இ-சஞ்சீவனி: போனில் வீடியோ மூலம் அரசு டாக்டரைப் பார்க்கும் இலவசச் சேவை. செல்போன் எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

• அரசு ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை: பரிசோதனையும் மருந்தும் இலவசம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம்தான் இந்த மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து அனுப்புகிறது.

• இ.எஸ்.ஐ.: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத் தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் பொருந்தும். கார்டில் உங்கள் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் இன்றே கேளுங்கள். நோய் வந்தபின் ஓட வேண்டியிருக்காது.

• முதல்வர் மருந்தகம்: 2025 பிப்ரவரியில் தொடங்கிய குறைந்த விலை மருந்துக் கடைகள். இங்கேயும் ஆன்டிபயாடிக்குக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

நினைவில் வைக்க நான்கு வரி

எடை சொல்லாமல் மருந்து வாங்காதீர்கள்.
அளக்காமல் ஊற்றாதீர்கள்.
பாதியில் நிறுத்தாதீர்கள்.
ஒருவருக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். மீந்து கிடக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும், கலந்து பல நாளான சிரப் பாட்டிலையும் தனியே எடுத்து வைத்து, அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருந்துக் கடைக்கோ போகும்போது எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். டப்பாவில் அது இல்லை என்றால், ராத்திரி காய்ச்சலில் பாதி மாத்திரை யோசனையும் வராது.